கேட்டபின் பேசுவோம்

கோயில் வீதி மணலில் இரவிரவாக அமர்ந்து மேளச்சமா கேட்ட இரசிகர்கள், விடிந்தபின் வீடு திரும்பும் வழியெல்லாம் அதனைப் பற்றியே வாதிட்டுச் செல்வது யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெடுங்காலம் நிலவிய வழக்கமாகும். நாதஸ்வரக்காரர் எந்த இராகத்தை எவ்வளவு நேரம் விரித்தார், தவிற்காரர் கணக்கை எந்த இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார், இருவரில் யார் யாருக்கு இடம் விட்டுக் கொடுத்தார் என்பனவெல்லாம் சந்தையிலும், ஒழுங்கை முடக்கிலும், பாடசாலையில் ஆசிரியர்கள் கூடும் அறையிலும் நாட்கணக்கிற் பேசப்பட்டன. அவ்வாறு பேசியவர்களிற் பலர் முறைப்படி இசை பயின்றவர்கள் அல்லர். பேசிப் பேசியே கேட்கக் கற்றுக்கொண்டவர்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களின் தவிலும், அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் நாதஸ்வரமும் எய்திய புகழிலே, அக்கலைஞர்களின் உழைப்புக்கு அடுத்தபடியாக இச்செவிகளுக்கும் ஒரு பங்கு உண்டென்றே நான் கருதுகின்றேன்.

இந்த வழக்கத்தை இன்று நினைவூட்டுவதற்குக் காரணமாக அமைந்தது முற்றிலும் வேறான ஓர் இசை. சில மாதங்களாக நண்பர்கள் சிலர் வாரந்தோறும் ஒன்றுகூடி, மேல்நாட்டாரின் 'முற்போக்கு றொக்' இசையைக் கேட்டு வருகின்றோம். முற்போக்கு என்னும் சொல் இப்பக்கத்தின் வாசகர்களுக்குப் புதியதன்று. 1954ஆம் ஆண்டு இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய நாள் தொட்டு அச்சொல்லை வைத்து நாம் ஆற்றிய வாதங்கள் ஏராளம். ஆனால் இவ்விசையில் அது கொள்கையைக் குறிப்பதன்று, வடிவத்தைக் குறிப்பது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் இளைஞர் சிலர், மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டு என்னும் வரம்பை மீறத் துணிந்தனர். இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் இடந்தருமாயின், ஒரே பாடலால் அதனை நிரப்பினால் என்ன என்று கேட்டனர். 1972ஆம் ஆண்டில் மட்டும் 'யெஸ்' குழுவினரின் 'குளோஸ் ரு த எட்ஜ்' ஏறத்தாழப் பதினெட்டரை நிமிடமும், 'ஜெனிசிஸ்' குழுவினரின் 'சப்பர்ஸ் றெடி' ஏறத்தாழ இருபத்து மூன்று நிமிடமும் கொண்டு வெளிவந்தன. அதே ஆண்டில் 'ஜெத்ரோ ரல்' குழுவினர் இசைத்தட்டின் இரண்டு பக்கங்களையும் ஒரே பாடலுக்கு ஒதுக்கிவிட்டனர்.

இவற்றைக் கேட்கும்போது எம்மை முதலில் ஈர்த்தது தாளம். 'பிங் புளொயிட்' குழுவினரின் 'மணி' (1973) என்னும் பாடல் ஏழு எண்ணிக்கையில் நடப்பது. மிச்ர சாபு பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. எனினும் இடையில் சாக்சபோன் ஒலிக்கும் வரை ஏழாக இருந்த கணக்கு, கித்தார் தனித்து ஒலிக்கத் தொடங்கியவுடன் நான்காகின்றது. இஃது ஏன் என்பது பற்றி ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. கித்தார்க்காரருக்கு விரிந்து வாசிக்க வெளி வேண்டும் என்றார் ஒருவர். மிருதங்கம் பயின்ற நண்பரோ, ஏழிலேயே விரிந்து வாசிக்கும் வல்லமை வேண்டாமா என்று மறுத்தார். 'சப்பர்ஸ் றெடி'யின் ஒரு பகுதி ஒன்பது எண்ணிக்கையில் நடக்கின்றது. அதனைக் கேட்டபோது அதே நண்பர் எழுந்து நின்று கையாற் போட்டுக் காட்டினார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுப்பிய தடை இன்னும் ஆழமானது. "நமது இராக ஆலாபனை ஒரு விதையிலிருந்து மரம் வளர்வதுபோல வளர்கின்றது; இவர்களுடையதோ பல துண்டுகளை ஒட்டுப்போட்டு நீளமாக்கியது. நீளம் வேறு, விரிவு வேறு" என்றார் அவர். இக்கூற்றுக்கு அன்று எவராலும் விடை கூற இயலவில்லை. அவர் சொன்னதை மனத்திற் கொண்டு அப்பாடலை மீண்டும் கேட்டேன். தொடக்கத்திலே மெல்லெனக் கேட்ட மெட்டு, இருபது நிமிடங்கள் எங்கெங்கோ அலைந்தபின், இறுதியில் முழு முழக்கத்தோடு திரும்பி வருவதை அப்பொழுதுதான் தெளிவாக உணர்ந்தேன். பல்லவிக்குத் திரும்பும் நிறைவை அது தந்தது. ஆசிரியரின் தடை அதனால் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒட்டுப்போட்ட இடங்கள் அதில் உண்டு. ஆயினும் அத்தடை எழுந்திராவிடின், அந்த மெட்டின் மீள்வரவு என் செவிக்கு இவ்வளவு துலக்கமாகப் புலப்பட்டிராது. உரையாடல் செய்யும் உதவி இதுவே.

மேல்நாட்டார் இசைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. வயலின் வித்துவான் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய மைந்தர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் இளமைக்காலத்தில் ஒரு பகுதி இம்மண்ணிலே கழிந்தது. 1958ஆம் ஆண்டின் இனக் கலவரத்தைத் தொடர்ந்து அக்குடும்பம் இந்தியாவுக்குச் சென்றது. 1970களின் நடுவில், கித்தார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லினும் சாகிர் உசேனும் கடம் விநாயக்ராமும் கூடிய 'சக்தி' குழுவில் வயலின் வாசித்தவர் இந்தச் சங்கரே. ஜெனிசிஸ் குழுவின் பாடகராயிருந்து 1975இல் விலகிய பீற்றர் கேப்ரியலின் 'பாஷன்' (1989) இசைத்தட்டிலும், அக்குழுவின் பறைக்கலைஞர் பில் கொலின்சின் 'ஃபேஸ் வல்யூ' (1981) இசைத்தட்டிலும் அவர் வயலின் ஒலிக்கின்றது. யாழ்ப்பாணத்திற் சிறுவனாக வளர்ந்த ஒருவரின் வில்லோசை அங்கே கேட்கும்போது, அவ்விசை நமக்கு வேண்டாதது என்று எவ்வாறு தள்ளிவிட முடியும்?

கூடிக் கேட்பதற்கு வசதிகள் வேண்டும் என்று சொல்வோர் 1990களை எண்ணிப் பார்க்கட்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றறிகளும் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலியையும் ஒலிநாடாவையும் கேட்டவர்கள் இக்குடாநாட்டு மக்கள். சுற்றுபவர் களைத்தால் பாட்டு நின்றுவிடும்; அடுத்தவர் கைகொடுக்க வேண்டும். ஆகவே அந்நாளிற் கேட்டல் என்பது இயல்பாகவே பலர் சேர்ந்து செய்யும் காரியமாயிற்று. இன்று ஒவ்வோர் இளைஞர் சட்டைப்பையிலும் உலகத்து இசை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. காதிற் செருகிய கருவியோடு அவர் தனியே கேட்கின்றார். கேட்டதைச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. மூத்தோர் அதனை வெறும் இரைச்சல் என்கின்றனர். இளையோரோ தவிலையும் நாதஸ்வரத்தையும் திருவிழாவுக்குரிய சடங்கு என்று ஒதுக்குகின்றனர். இருசாராரும் ஒருவர் இசையை மற்றவர் கேளாமலே தீர்ப்பு வழங்குகின்றனர்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. மணலில் இருந்து மேளம் கேட்டு வாதிட்ட தலைமுறையினரிற் பலர் போரினாலும் புலப்பெயர்வினாலும் சிதறிப் போயினர். எஞ்சியிருப்போர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் செவியில் தங்கியுள்ள நுட்பங்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. பேச்சில் மாத்திரம் வாழ்பவை. கேட்க ஒருவர் இல்லாதவிடத்து அவை அவர்களோடு மறைந்துபோகும்.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் நான் வேண்டுவது ஒன்றே. ஒவ்வொரு பாடசாலையிலும், ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். முதியவர் ஒருவர் தெரிந்தெடுத்த ஒரு தவில் தனியை முதலிற் கேளுங்கள். மாணவர் ஒருவர் தெரிந்தெடுத்த ஒரு நெடும்பாடலை, எந்நாட்டதாயினும், அடுத்துக் கேளுங்கள். முடியும் வரை எவரும் வாய் திறவாதிருப்பது முதல் விதி. முடிந்தபின் எவரும் வாளாவிராதிருப்பது இரண்டாம் விதி. ஒருவர் அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். தாளத்தை எண்ணத் தெரிந்த முதியவரும், கித்தாரின் ஒலி நுட்பம் அறிந்த இளைஞரும் அங்கே ஒருவருக்கொருவர் ஆசிரியராவர். பணச் செலவு அதிகமில்லாத இம்முயற்சிக்கு வேண்டுவன பொறுமையும் மறுப்பைத் தாங்கும் மனமுமே. இவ்விரண்டையும் நம் முன்னோர் கோயில் வீதி மணலிலே பயின்றிருந்தனர். அவற்றை நாமும் பயில்வது அரிதன்று.