‘பிறகு சொல்கிறேன், அம்மா’: ஒரு சவாலை முறித்துக்கொள்வது குறித்து

சென்ற ஆண்டு இதே பக்கத்தில் நானும் என் இணையரும் ஒரு சவாலை அறிவித்திருந்தோம். அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2007இல் திருத்தி வெளியிட்ட நூறு சிறந்த ஹாலிவுட் படங்களின் பட்டியலை, சீட்டுக் குலுக்கி வந்த வரிசையில், ஞாயிறுதோறும் ஒன்றாகச் சேர்ந்து பார்த்து முடிப்பது என்பதே அது. நண்பர்கள் பலர் வாழ்த்தினீர்கள். இணையர் சிலர் தாங்களும் தொடங்கிவிட்டதாக எழுதினீர்கள். பதினேழு படங்களோடு அதை முறித்துக்கொள்கிறேன். சோர்வினால் அல்ல, வெட்கத்தினால்.

முழங்கால் சிகிச்சைக்காக அம்மா தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் வந்து எங்களோடு மூன்று மாதம் தங்கியிருந்தார். தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நாள்தோறும் செய்தித்தாளை வரிவிடாமல் வாசிப்பவர். அவர் வந்த வாரம் சீட்டில் விழுந்தது சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931). பூக்காரப் பெண் அந்தக் கையைத் தொட்டு ஆளை அறிந்துகொள்ளும் இறுதிக் காட்சியில் எங்கள் இருவருக்கும் முன்பாகவே அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அடுத்த வாரம் ‘காசாபிளாங்கா’ (1942). ஐந்தாவது நிமிடத்தில் அம்மா கேட்டார்: “அவ என்ன சொல்லுதா மக்ளே?” படத்தை நிறுத்திச் சொன்னேன். மீண்டும் கேட்டார், சொன்னேன். மூன்றாவது முறை, திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, “பிறகு சொல்கிறேன், அம்மா” என்றேன். அவர் அமைதியாக எழுந்து உள்ளே போனார். அதற்கடுத்த ஞாயிறு கூடத்துக்கே வரவில்லை. நாங்கள் பட்டியலில் இன்னொரு குறி இட்டோம்.

என் குற்றச்சாட்டு பட்டியலைத் தயாரித்த அமெரிக்கர்கள் மீதன்று. என்மீதும், இதை வாசிக்கும் உங்கள்மீதும்தான். ஆங்கில சப்டைட்டிலை நாம் கண்ணாடி போன்ற ஒன்றாக, இருப்பதே தெரியாத ஒன்றாக எண்ணப் பழகிவிட்டோம். அது ஒரு வாசற்படி. உள்ளே யார், வெளியே யார் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ‘பார்வையாளர்’ என்னும் கருத்தாக்கம் குறித்துக் கருத்தரங்கு நடத்தும் நாம், நம் வீட்டுக் கூடத்தில் பார்வையாளராக இருக்கும் தகுதியை யாருக்கு மறுக்கிறோம் என்று கேட்டுக்கொண்டதில்லை.

இந்த நகரில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்வது கூடுதல் சங்கடம். அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் 1965இல் ‘சித்ரலேகா’ திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய நகரம் இது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு டாகூர் அரங்கின் முன்னும் கைரளி, ஸ்ரீ, நிளா வளாகத்திலும் மாணவர்கள் வரிசையில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மரபின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அந்த வரிசையில் என் அம்மா போன்ற ஒருவர் நின்றால் அவருக்கு நாம் நீட்டுவது பெரும்பாலும் ஆங்கில வரியைத்தான்.

சினிமா இப்படித் தொடங்கவில்லை. 1905 முதல் கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகப் படம் காட்டிய கோவை சாமிக்கண்ணு வின்சென்ட்டின் காலம் மௌனப்படக் காலம். அந்நாளில் நம் கொட்டகைகளில் திரையின் அருகே ஒருவர் நின்று, எழுத்து அட்டைகளை உரக்க வாசித்தும் கதையை விளக்கியும் வந்தார். ஜப்பானில் அத்தகையோர் ‘பென்ஷி’ எனப்பட்டு, நடிகர்களுக்கு நிகரான புகழோடு வாழ்ந்தனர். படிக்கத் தெரியாதவரும் படம் பார்த்தார் என்பது அக்காலத்தின் இயல்பு. பேசும் படம் வந்த பிறகும் சாப்ளின் தம் நாடோடியைப் பேசவைக்க மறுத்தார். ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் அவன் வாய்திறந்து பாடும்போதும் எந்த மொழிக்கும் சொந்தமில்லாத சொற்களையே பாடுகிறான். ‘தி கோல்டு ரஷ்’ படத்தை 1942இல் மறுபடி வெளியிட்டபோது எழுத்து அட்டைகளை நீக்கித் தம் குரலில் கதை சொன்னார். தம் படத்துக்குத் தாமே விளக்குநர் ஆனார். அந்த வேலையைத்தான் மூன்றாவது கேள்வியில் நான் கைவிட்டேன்.

இனி நண்பர்களின் மறுப்புகள். மொழிபெயர்த்தால் மூலக் குரலின் உயிர் போய்விடும் என்பது முதலாவது. எந்த மூலம்? குரல் மாற்றும் மோசடியையே கதையாகக் கொண்ட ‘சிங்கின் இன் தி ரெய்ன்’ (1952) படத்தில், கதைப்படி ஜீன் ஹேகனுக்குக் குரல் கொடுப்பவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால் அந்தப் பின்னணிக் குரலில் ஒலிக்கும் வசனத்தை உண்மையில் பேசியவர் ஹேகனே. ஒரு பாடலைப் பாடியவரோ பெட்டி நாய்ஸ் என்னும் மூன்றாமவர். ‘மை ஃபேர் லேடி’யில் (1964) ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களில் பெரும்பகுதி மார்னி நிக்சனின் குரல். ஹாலிவுட்டின் தூய மூலக்குரல் என்பது ஹாலிவுட்டே நம்பாத ஒன்று. அதைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கு எதற்கு?

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது: ஏகாதிபத்தியத்தின் பண்டங்களை ஏன் தாய்மொழியில் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் பட்டியலில் ஆறாம் இடத்தில் இருப்பது ‘கான் வித் தி விண்ட்’. அதில் நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டானியல், இனப் பாகுபாட்டினால், 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சியில் கலந்துகொள்ள இயலவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற இரவிலும் தம் குழுவினரிடமிருந்து பிரித்துப் போடப்பட்ட மேசையில்தான் அமர்ந்தார். இதைப் படித்ததும் இந்நகரில் வாழும் எவருக்கும் கேப்பிட்டல் திரையரங்கு நினைவுக்கு வர வேண்டும். ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ அங்கே திரையிடப்பட்டபோது, நாயர் பெண்ணாக நடித்த தலித் நடிகை பி.கே. ரோசி உள்ளே அனுமதிக்கப்படவில்லை. பின்னர் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். டேனியல் எங்கள் மாவட்டத்து அகஸ்தீசுவரத்துக்காரர். அம்மாவுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். மெக்டானியலின் கதையையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் நம் கட்டுரைகள் சொல்லாத எதையோ அவர் சொல்லக்கூடும். ஒரு படத்தை எதிர்ப்பதற்கும் முதலில் அது புரிய வேண்டும். எதிர்க்கும் உரிமையையும் ஆங்கிலம் அறிந்தவர்க்கே ஒதுக்கிவிட்டு அதற்கு எதிர்ப்பரசியல் என்று பெயரிடுவது எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் நான் மதிக்கும் மூத்தவர் ஒருவர்: “இது பொழுதுபோக்கு, ஆய்வாகாது.” ‘மை ஃபேர் லேடி’க்கு ஒலியியல் ஆலோசகராக இருந்தவர் பீட்டர் லாடஃபோகெட். அதனால் அவருடைய ஆய்வு தாழ்ந்துவிடவில்லை. நீலகிரியின் தோடா மொழியில் ரகர ஒலிகளின் அரிய வேறுபாடுகளை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். 2006இல் தோடா ஆய்வுக்காக இந்தியா வந்து திரும்பும் வழியில்தான் மறைந்தார். (‘மை ஃபேர் லேடி’ 1998இல் வெளியான பட்டியலில் இருந்தது; 2007இல் நீக்கிவிட்டார்கள். ஒலியியலாருக்குக் கிடைத்த ஒரே நாற்காலியும் போயிற்று.)

ஆய்வு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் ‘காசாபிளாங்கா’வின் பத்து நிமிடத்தைத் தமிழாக்கிப் பாருங்கள். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் தமிழில் நீ, நீர், நீங்கள் என உடைகிறது. அதிகாரத்துக்கும் நெருக்கத்துக்கும் உரிய முன்னிலைப் பெயர்கள் பற்றி பிரவுனும் கில்மனும் 1960இல் எழுதியதை வகுப்பில் ஒப்பித்திருக்கிறோம். பியானோ வாசிக்கும் சாம் தன் முதலாளி ரிக்கை எப்படி விளிப்பான்? ரிக் அவனை ‘நீ’ என்பதும் அவன் ரிக்கை ‘நீங்க’ என்பதும் தமிழுக்குத் தானாக வந்து விழுகின்றன. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் மறைத்துவைத்த படிநிலையைத் தமிழ் வெளியே இழுத்துப் போடுகிறது. பாரிஸில் இல்சா ரிக்கை ‘நீ’ என்றிருந்தால், காசாபிளாங்காவில் கணவன் அருகிலிருக்கும்போது ‘நீங்கள்’ என்பாளா? மலையாளியான என் இணையர் அங்கே ‘தான்’ என்னும் முன்னிலையைப் போட்டு எளிதாகத் தப்பித்துக்கொள்கிறார்; தமிழில் அந்த வசதி இல்லை. எழுத்து வழக்கா, பேச்சு வழக்கா என்பது வேறு. பேச்சு என்றால் எந்த ஊர்ப் பேச்சு? இரட்டை வழக்கைப் பற்றி ஏட்டில் எழுதிய எனக்கு இந்தப் பத்து நிமிடம் மூன்று ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது.

மலையாளத்தில் இவ்வேலையை 2012 முதல் ‘எம்சோன்’ குழுவினர் செய்துவருகிறார்கள். ஊதியமின்றி, தன்னார்வலர்களாக, ஆயிரக்கணக்கான உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் தந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகம் செய்ததன்று அது, ஆர்வலர்கள் செய்தது. தமிழில் அதற்கு இணையானது எதுவும் என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் தமிழ் அறியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், 1936இன் ‘சதி லீலாவதி’ முதல் 1950இன் ‘மந்திரி குமாரி’ வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். தமிழ் தெரியாமல் அவர் படமே எடுத்தார். தமிழில் முனைவர் பட்டம் வரை வந்த நாம் நாற்பது எழுத்தில் ஒரு வரி எழுதத் தயங்குகிறோம்.

ஆகவே நூறைத் தொடுவது இனி எங்கள் இலக்கன்று. ஆண்டுக்கு நான்கு படங்கள் போதும். தமிழிலும் மலையாளத்திலும் வரி எழுதி முடித்த பிறகே பார்ப்பது. மொழியியல், தமிழ், மலையாளத் துறைகளின் முதுகலை மாணவர்கள் ஒரு பருவத் திட்டக்கட்டுரையாக ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்டுநர்கள் மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். சேர விரும்பும் இணையர் செய்தி அனுப்புங்கள். வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரையும் உட்காரவைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

முதல் படம் ‘காசாபிளாங்கா’வேதான். விமான நிலையக் காட்சியில் நிற்கிறோம். நேற்றுத் தொலைபேசியில் அம்மாவுக்கு அந்த இடத்தை விளக்கி, இல்சா அங்கே ‘நீ’ என்பாளா ‘நீங்க’ என்பாளா என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டும் சொல்ல மாட்டா மக்ளே. கட்டுனவன் பக்கத்துல நிக்கான். பேரும் சொல்லாம, நீன்னும் சொல்லாம பேசத் தெரியாதா அவளுக்கு?”

முன்னிலைச் சொல்லே இல்லாமல் அந்தக் காட்சியை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.