வயல்வெளிக்கேற்ற டார்ச் வெளிச்சம்

இரவில் மடை திருப்பவும், மோட்டார் போடவும், களத்து நெல்லைக் காக்கவும் செல்லும் குடியானவர் கையில் தற்காலத்தில் எல்.இ.டி. டார்ச் விளக்கு இல்லாதிருப்பது அரிது. வாங்குவோர் கேட்பதும் கடைக்காரர் சொல்லுவதும் ஒன்றே: எத்தனை லூமன் என்பது. எண் பெருகப் பெருக விளக்கு உயர்ந்ததென்றும், நீலம் பாய்ந்த வெண்மையே சக்தி வாய்ந்ததென்றும் அநேகர் எண்ணுகிறார்கள். வரப்பில் நடப்பவருக்கு இவ்விரண்டு எண்ணமும் பொருந்தா என்பது எமது அபிப்பிராயம்.

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல ஒளி தரும் சிறு படிகமாம். அதன்மேலுள்ள மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளொளியாக மாற்ற, இரண்டுங் கலந்து வெண்மையாய்த் தோன்றுகிறது. மலிவான விளக்குகளில் நீலம் மிகுந்து, சிவப்பு மிகக் குறைவாகவே இருக்கும். சிவப்பைக் கூட்டினால் லூமன் குறையும். ஏனெனில் சிவப்பொளி நமது கண்ணுக்கு மந்தமாகவே தெரியும். ஆகையால் பெட்டியின்மேல் பெரிய எண்ணை அச்சிட விரும்புவோர் சிவப்பைக் கைவிடுவதில் வியப்பில்லை.

இதனால் வரும் தீங்கு சிறியதன்று. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டனரென்று 2020இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். கண்ணாடி விரியன் பழுப்பு உடலும் கரும்பழுப்புப் புள்ளிகளும் உடையது. சருகின்மேல் கிடந்தால் பகலிலேயே கண்ணுக்குத் தப்பும். பழுப்பென்பது மங்கிய செம்மஞ்சளே ஆதலின், சிவப்புக் குறைந்த வெளிச்சத்தில் மண்ணும் சருகும் விரியனும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

சாயலைக் கெல்வின் என்னும் அளவாற் குறிப்பர். பழைய இழைப் பல்பின் மஞ்சள் வெளிச்சம் சுமார் 2700. நீலம் பாய்ந்த வெண்மை 6500. நிறங்களை உள்ளபடி காட்டுந் தன்மைக்குச் சி.ஆர்.ஐ. என்னும் வேறோர் எண் உண்டு. அதில் 100 நிறைவானது. சாதாரண விளக்குகள் 70 அளவில் நிற்க, நல்லவை 90க்கு மேலிருக்கும். வயலுக்கு 4000 முதல் 5000 கெல்வினும் 90 சி.ஆர்.ஐ.யும் உள்ள விளக்கே ஏற்றது.

இனி, பிரகாசம். லூமன் இரட்டித்தால் கண்ணுக்கு இரட்டிப்பாய்த் தோன்றாது. அவ்வாறு தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். ஆகவே 800க்கும் 1000க்குமுள்ள வித்தியாசத்திற்காகப் பணம் கொடுப்பது வீண். போதாக்குறைக்கு, பெரிய எண் போட்ட விளக்குகள் பல சூடேறியதும் சில நிமிஷங்களில் தாமே மங்கிவிடுகின்றன. கூசும் வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்கு முழுதும் பழக அரைமணி நேரமாகும். வரப்பில் நடக்கப் பரந்து விழும் 100 லூமன் தாராளம். தூரத்திலுள்ள காட்டுப்பன்றியைப் பார்க்க வேண்டுவோர்க்கு மட்டும் குவிந்த ஒளி தேவை. அதற்குக் காண்டெலா என்னும் எண்ணைக் கேட்கவேண்டும். 10,000 காண்டெலா உள்ள விளக்கு 200 மீட்டர் தூரத்தில் நிலவொளியளவு வெளிச்சம் வீசும். அவ்வேலைக்குச் சாயலைப்பற்றி அதிகக் கவலை வேண்டா.

கடையில் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்ப்பது வழக்கம். ஒரு விளக்கைத் தனியே அப்படிப் பார்ப்பதாற் பயனில்லை. கண் எந்தச் சாயலுக்கும் விரைவிற் பழகிவிடும். ஒரு பழுத்த மிளகாயையும் ஒரு சருகையும் உள்ளங்கையில் வைத்து, இரண்டு விளக்குகளை மாறி மாறிக் காட்டிப் பாருங்கள். எதில் மிளகாய் கறுத்து, கை வெளிறிப் பச்சை தட்டுகிறதோ அதைத் தள்ளிவிடலாம். (எத்துணை நல்ல விளக்காயினும் நெற்பயிருக்கு இலைவண்ண அட்டையை அதன் ஒளியிற் பார்க்கலாகாது, அது பகலில், உடல் நிழலில் பார்க்கவேண்டியது.)

பஞ்சாயத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் காவற்காரர் பொருட்டு மொத்தமாக விளக்கு வாங்கும் உத்தியோகஸ்தர்கள் ஒப்பந்தப்புள்ளியில் லூமனை மட்டும் குறிப்பிட்டால், மேற்சொன்ன நீல விளக்குகளே மலிவு விலையில் வந்து சேரும். கெல்வினையும் சி.ஆர்.ஐ.யையும் அதே வரியில் எழுதுவிப்பதற்குத் தடையேதுமில்லை.