எதற்கெல்லாம் ஃபிரிட்ஜில் இடம்?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிப் போட்டு, மாவு அரைத்து வைத்தால்தான் அவர்களுக்கு மீதி வாரம் ஓடும். பௌர்ணமி கிரிவலமோ கார்த்திகை தீபமோ வந்துவிட்டால் சாலையெல்லாம் கூட்டம். பாலும் காயும் முதல் நாளே வீடு வந்து சேர வேண்டும். இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஃபிரிட்ஜை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அதை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒழுங்கு என்றவுடன் புதிதாக டப்பாக்களும் தட்டுகளும் வாங்கும் யோசனைதான் பலருக்கும் வருகிறது. முதலில் செய்ய வேண்டியது வேறு. உள்ளே இருக்கத் தேவையில்லாததை வெளியே எடுக்க வேண்டும். பாதி நெரிசல் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஃபிரிட்ஜுக்குள் இருக்க வேண்டிய குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குள். பாலுக்கும் மீனுக்கும் அது நல்லது. வெப்பப் பிரதேசத்தில் விளையும் காய்களுக்கு அது தண்டனை. கத்தரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய் எல்லாம் 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தாலே தோலில் குழி விழுந்து, உள்ளே பழுப்பேறிவிடும். வாழைப்பழம் கறுத்துப்போகும். தக்காளி பார்க்கச் சிவப்பாகவே இருக்கும், ஆனால் வாசம் போய்விடும். ரசம் வைக்கும்போதுதான் அது தெரியவரும். வெங்காயமும் பூண்டும் ஈரத்தில் முளைவிடும், அழுகும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறுவதால் வறுவல் சீக்கிரம் கருகுகிறது. சேனைக்கிழங்கு, முழுப் பூசணி, நல்லெண்ணெய், உப்பும் எண்ணெயும் சரியாகச் சேர்ந்த ஊறுகாய், உப்புப் போட்டு வைத்த புளி ஆகியவை வெளியில் இருந்தே பழகியவை. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் ஒரு தட்டாவது காலியாகும்.

‘நம் ஊர் வெயிலில் இது நடக்குமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் நன்றாகப் பழுத்த தக்காளி வெளியே இரண்டு நாள்கூடத் தாங்காது. அதை உள்ளே வைக்கத்தான் வேண்டும். நறுக்கிய காய், உடைத்த தேங்காய், கீரை, கொத்தமல்லி ஆகியவற்றையும்தான். ஆனால் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி ஃபிரிட்ஜை நம்பினால் வெயிலிடமிருந்து தப்பி குளிரிடம் மாட்டிக்கொள்கின்றன. கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை, கொஞ்சமாக வாங்குவதே அதற்கு வழி.

இனி உள்ளே இருப்பவற்றின் இடம். நம் வீடுகளில் பரவலாக உள்ள ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் குளிர் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியிலிருந்து இறங்குகிறது. எனவே அதற்கு நேர் கீழே உள்ள தட்டுதான் அதிகக் குளிரான இடம். கதவு, இருப்பதிலேயே சூடான இடம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சமையலறையின் வெக்கை முதலில் படுவது கதவில் உள்ள பொருள்மீதுதான். நாமோ பாலைக் கதவில் வைக்கிறோம். பால் பாக்கெட் ஐஸ் பெட்டிக்கு அடியில் போக வேண்டும். கதவுக்குத் தண்ணீர் பாட்டிலும் சாஸும் போதும். இறைச்சியையும் மீனையும் அடித்தட்டில் வை என்ற அறிவுரை, ரத்தநீர் மற்ற உணவின்மேல் சொட்டக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படுவது. இறுக்கமான மூடி போட்ட பாத்திரம் என்றால் அதுவும் மேலே குளிரிலேயே இருக்கலாம். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜின் கதை வேறு. பல மாடல்களில் பின்சுவரில் உள்ள துளைகள் வழியாக மின்விசிறி குளிர்காற்றை ஊதுகிறது. மாவுத் தூக்கை அந்தத் துளையோடு ஒட்டித் தள்ளிவிட்டால் காற்று வழி தெரியாமல் திணறும்: துளையோரம் சிக்கிய கறிவேப்பிலை உறைந்து கறுக்கும், முன்வரிசையில் இருக்கும் சாம்பார் குளிராது.

மிச்சம் மீதிதான் அதிகக் கவனம் கேட்பது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் விடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றுக்கு இது கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு இரவு முழுக்க அடுப்படியில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆக, மீந்ததைச் சீக்கிரம் உள்ளே வைக்க இடம் காலியாக இருக்க வேண்டும். வைத்தது கண்ணில் படவும் வேண்டும். எவர்சில்வர் டப்பா உறுதியானதுதான், ஆனால் உள்ளே இருப்பது தெரியாது. பிளாஸ்டிக் வாங்கச் சொல்லவில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். இல்லாவிட்டால் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கிழமையை எழுதினால் போதும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் கடை, உணவகம், வீடு என உலகம் வீணாக்கிய உணவில் 60 சதவீதம் வீடுகளில் போனது. இந்திய வீடுகளுக்கு அது தரும் மதிப்பீடு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. பின்வரிசையில் மறந்துபோன கிண்ணங்களுக்கு இதில் நிச்சயம் பங்கு உண்டு.

நிறைந்த ஃபிரிட்ஜ் மின்தடையில் குளிரை அதிக நேரம் பிடித்துவைக்கும் என்றொரு வாதமும் உண்டு. உண்மைதான். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளில் கதவைத் திறக்காமலிருந்தால் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். ஆனால் குளிரைப் பிடிக்கக் கத்தரிக்காய் தேவையில்லை. சில தண்ணீர் பாட்டில்கள் அந்த வேலையைச் செய்யும்.

இதெல்லாம் பெண்கள் தலையில் இன்னொரு சுமை என்ற மறுப்பை மட்டும் எளிதில் தள்ள முடியாது. எது எங்கே என்று வீட்டில் ஒருவருக்கே தெரியும்வரை அது சுமைதான். நேற்றைய குழம்பு, இன்று தீர வேண்டிய தயிர் எல்லாம் கண்மட்டத்தில் முன்வரிசையில் இருக்கட்டும். முதலில் வீடு திரும்புகிறவர், அது அப்பாவோ பள்ளிப் பிள்ளையோ, எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, வெளியே வை என்று சொன்னால் வெளியே இடம் வேண்டும். இப்போது கட்டும் சமையலறைகளில் எல்லாமே மூடிய அலமாரி. காற்றோட்டமாக வெங்காயக் கூடை வைக்க ஒரு மூலைகூட விடுவதில்லை. அதனால்தான் வெங்காயம் ஃபிரிட்ஜுக்குள் போகிறது. வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடமும் தச்சரிடமும் வலை வைத்த, வெயில் படாத ஓர் அலமாரியை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, பெரிய ஃபிரிட்ஜுக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.