பாட்டுக்கும் எடைமேடை வேண்டும்!

"ஒரு காசு வாங்காமல் உனக்கு உலக மேடை கொடுத்திருக்கிறோம். பாட்டை ஏற்று, பெயர் வரும், பணம் வரும். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?"

போன் வைத்திருக்கும் ஒவ்வொரு உழைப்பாளியின் காதிலும் இந்த மந்திரம் ஓதப்படுகிறது. ஓதுகிறவர்கள் அமெரிக்கக் கம்பெனிகள் மட்டுமல்ல. நம்மூர் முதலாளிப் பத்திரிகைகளும் சேர்ந்து ஜால்ரா தட்டுகின்றன. "ஏழை வீட்டுப் பிள்ளை ஒரே நாளில் பிரபலம்!" என்று படம் போடுகின்றன. அந்த ஒரு பிள்ளைக்குப் பின்னால் ஒரு பைசா காணாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று எழுதுவதில்லை.

நாம் எழுதுவோம். ஏனென்றால் இது சினிமாக்காரர்கள் சங்கதியல்ல. நம் வீட்டுச் சங்கதி!

கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளி, சின்னசேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிற பெண், வெள்ளிமலையில் சாமைக் கொல்லைக்குக் காவல் இருக்கிற வாலிபன், ஊரில் வேலையில்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் - இவர்களிலே பாடத் தெரிந்தவர்கள் இன்று சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார்கள். ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லை. வீடுதான் ஸ்டூடியோ. நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள், கம்பளியைத் தொங்கவிட்டு, நாய் குரைப்பு அடங்கிய பிறகு போனில் பதிகிறார்கள். மலையிலே சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள், சிக்னல் கிடைக்கும் மேடு வரை ஏறிப் போய்ப் பாட்டை அனுப்புகிறார்கள்.

இது பொழுதுபோக்கா? இல்லை, உழைப்பு. கட்டியவன் உழைப்பு, பாடியவள் உழைப்பு, பறை அடித்தவன் உழைப்பு. போனும் அவன் காசு, ரீசார்ஜும் அவன் காசு. அப்படியிருக்க "ஓசி மேடை" எங்கே இருக்கிறது?

கணக்கைப் பார்ப்போம்

யூடியூப் விளம்பர வருமானத்திலே பங்கு கொடுக்க வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் ஜனங்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். நாலு நிமிஷப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். 60,000 தடவை முழுசாகக் கேட்டால்தான் 4,000 மணி நேரம் ஆகும். வருஷம் முழுக்க, ஒரு நாள் தவறாமல், நாளுக்கு 164 பேர்! மூன்று நிமிஷத்துக்குள் முடியும் குறும்படங்களுக்கு வேறு கணக்கு. 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும்.

அது வரைக்கும் பாட்டின் மேல் விளம்பரம் ஓடாது என்று நினைத்தால் அது தப்பு. 2021 ஜூன் முதல் நம் நாட்டிலும் அந்தக் கம்பெனி, பங்கு பெறும் தகுதி இல்லாதவன் பாட்டின் மீதும் விளம்பரம் போடும் அதிகாரத்தைத் தன் விதியிலே எழுதி வைத்துக்கொண்டது. விளம்பரக் காசு முழுவதும் கம்பெனிக்கு. பாடியவனுக்குப் பூஜ்யம்!

தகுதி பெற்றவனுக்கு என்ன கிடைக்கிறது? நூற்றுக்கு 55 பாடியவனுக்கு, 45 கம்பெனிக்கு. தோழர்களே, வாரம் சாகுபடி செய்த நம் பாட்டன்மார்களை நினைத்துப் பாருங்கள். நிலப்பிரபு அடித்த கொள்ளையை எதிர்த்துத் தமிழ்நாட்டு விவசாயி போராடினான். 1956ஆம் வருஷத்து நியாய வாரச் சட்டம் நன்செய் நிலத்துக்கு நிலச்சொந்தக்காரன் பங்கு நூற்றுக்கு 40 என்று வரம்பு கட்டியது. அதுவே அதிகம் என்று நாம் மேலும் போராடினோம். இன்றைக்குக் கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் புது நிலப்பிரபு 45 எடுக்கிறான். அவனுக்கு வரம்பு கட்டச் சட்டம் இருக்கிறதா?

ஸ்பாட்டிஃபை என்ற இன்னொரு கம்பெனி இதையும் மிஞ்சிவிட்டது. 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் அதற்குப் பதிவு ராயல்டி கிடையாது. 999 பேர் கேட்டாலும் இல்லை! அந்தப் பணம் எங்கே போகிறது? அதிகம் ஓடுகிற பாட்டுகளின் கணக்குக்குப் போகிறது. சின்னவன் கூலியைப் பிடித்துப் பெரியவனுக்குப் போனஸ் கொடுக்கும் இந்த நியாயத்தை எந்த ஆலையிலாவது தொழிலாளி ஒப்புக்கொள்வானா?

கரும்பை ஆலைக்குக் கொண்டுபோனால் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்கிறோம். சர்க்கரைக் கட்டுமானத்திலே குறைத்துக் காட்டினால் சங்கமாகத் திரண்டு கேட்கிறோம். ஆனால் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள், எந்த விளம்பரம் ஓடியது, எவ்வளவு வசூல் என்ற கணக்கு முழுவதும் கம்பெனியின் பெட்டிக்குள்ளே இருக்கிறது. தராசும் அவன் கையில், படிக்கல்லும் அவன் கையில், கணக்குப் புஸ்தகமும் அவன் கையில்!

ஊரறிந்த ஓர் உதாரணம்

"அதிகம் பேர் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படியா? 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு என்ற இளைஞர் அதிலே கொண்டுவந்தார். கூலியாகக் கப்பலேறி, நிலமில்லாமல் திரும்பிய சனங்களின் சரித்திரம் அது. 40 கோடித் தடவைக்கு மேல் யூடியூபில் ஓடியது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் துவக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. பாட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஊரெல்லாம் சர்ச்சை நடந்தது.

2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகச் சொன்னார்: மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களில் ஒருவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று.

அவர்களுக்குள் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே உட்காரவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். நாடறிந்த இசையமைப்பாளர், நாடறிந்த பாட்டு, 40 கோடிப் பார்வை. அவருக்கே கணக்கு வரவில்லை என்றால், கரியாலூரில் நடவுப் பாட்டுப் பாடும் பெண்ணுக்கு யார் கணக்குக் காட்டப்போகிறார்கள்?

பெயரைக் கொல்லாதே!

காசு ஒரு புறம் இருக்கட்டும். பெயர் என்ன ஆயிற்று? நாத்து நடும் பெண்ணிடம் கேட்ட மெட்டை எடுத்துப் பெரிய கம்பெனிக்காரன் பதிந்து வெளியிடுகிறான். கீழே என்ன போடுகிறான்? "நாட்டுப்புறப் பாடல்." நாட்டுப்புறத்துக்கு வாய் உண்டா? பாடியது ஒரு மனுஷி அல்லவா? அவளுக்கு ஊர் இல்லையா, பெயர் இல்லையா?

"பழைய பாட்டுக்கு யாருடைய பெயரைப் போடுவது?" என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு நம் இயக்கத்தின் சரித்திரம் பதில் சொல்லும். 1964ல் பேராசிரியர் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுதியை வெளியிட்டார். போத்தையா, கார்க்கி, வாழப்பாடி சந்திரன், சின்னப்ப பாரதி போன்ற தோழர்கள் ஊர் ஊராக அலைந்து சேகரித்தார்கள். கையிலே காகிதமும் பேனாவும்தான். ஆனாலும் பாட்டுக்கு அடியில் சேகரித்தவர் யார், எந்த ஊர், பாடி உதவியவர் யார் என்று அச்சிட்டார்கள். ஏழைத் தொழிலாளிப் பெண்ணின் பெயர் புஸ்தகத்தில் ஏறியது!

காகிதமும் பேனாவும் செய்ததை, கோடிக் கோடியாகப் பணம் புரளும் கம்பெனியின் எந்திரம் செய்ய முடியாதா? முடியும். பெயர் போட்டால் பங்கு கேட்பாளே என்ற பயம்தான்!

சட்டம் சும்மா வரவில்லை

1977ல் சுப்ரீம் கோர்ட், காசு கொடுத்துப் பாட்டு வாங்கிய சினிமா முதலாளிக்கே உரிமை என்று தீர்ப்பளித்தது. 35 வருஷம் கவிஞர்களும் இசைக்காரர்களும் போராடினார்கள். ஜாவேத் அக்தர் போன்றவர்கள் பார்லிமெண்டிலேயே குரல் கொடுத்தார்கள். 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதிலே நமக்கு வேண்டிய சங்கதிகள் இவை:

பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவனுக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. பாடியவர், வாசித்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. பாட்டு உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்ற முடியும். எத்தனை வருஷம் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். பதிவு செய்யாவிட்டாலும், பாட்டுக் கட்டிய நிமிஷத்திலேயே அது கட்டியவன் சொத்து.

எனவே "சும்மா ஒரு கையெழுத்து" என்று எவன் காகிதத்தை நீட்டினாலும், சங்க அலுவலகத்தில் நாலு பேர் படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்! கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியிலே இருந்த பூமி. படிக்காதவன் வைத்த கைரேகை என்னென்ன செய்யும் என்பதை மலை மக்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு குறை

நம் தோழர்களிலும் சிலர், "ஊதியப் போராட்டம் நடக்கிறபோது பாட்டு ஒரு கேடா?" என்று முகம் சுளிக்கிறார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விவசாய இயக்கத்திலே வளர்ந்து வந்த கவிஞர் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு ஜனங்களைக் கூட்டப் பாட்டு வேண்டும். பாடுகிறவன் சோறு கேட்டால் மட்டும் அது கேடா?

இன்னும் சிலர், பாட்டை ஏற்றிவிட்டு நாளெல்லாம் விருப்பக்குறி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விருப்பக்குறி விமர்சனம் ஆகாது. "சூப்பர் அண்ணே" என்று நூறு பேர் எழுதினாலும் பாட்டு ஒரு அங்குலம் உயராது. பாட்டுக்குத் தேவை தோழனின் நேர்மையான அபிப்பிராயம். "பறை உன் குரலை அமுக்குகிறது, பறைக்காரரைப் பத்தடி தள்ளி நிறுத்து." "போனை வாய்க்கு நேரே வைக்காதே, ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் ஓரமாக வை, மூச்சு இரையாது." "தகர ஓட்டின் கீழ் பதியாதே, எதிரொலிக்கிறது; நெல் மூட்டைப் பக்கம் போ." "மூன்றாவது அடியில் கூலி என்று வருவது தாளத்தைத் தாண்டுகிறது, மாற்று." இப்படிச் சொல்கிறவனே பாட்டுக்கு உறவு.

எந்திரத்தின் அபிப்பிராயத்தை நம்பவும் கூடாது. போனிலே "இரைச்சல் நீக்கம்" என்று ஒரு வசதி உண்டு. பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அமுக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அதன் காதுக்குப் பறையே இரைச்சல்! பதியும்போது அதை அணைத்துவிடுங்கள். பாட்டைக் குரல் செய்தியாகப் பேசி அனுப்பினால் சத்தம் நசுங்கும். பதிவுக் கருவியில் பதிந்து, கோப்பாக அனுப்புங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

பாட்டை ஏற்றாதே என்று நாம் சொல்லவில்லை. ஆலை சுரண்டுகிறது என்பதற்காக ஆலையைக் கொளுத்துவதில்லை, சங்கம் வைக்கிறோம். இங்கேயும் அதே வழிதான்.

ஒவ்வொரு சங்கக் கிளையிலும் ஒரு பாட்டு நோட்டு வையுங்கள். கட்டியவர், பாடியவர், வாசித்தவர், ஊர், தேதி எழுதுங்கள். பாட்டை ஏற்றுமுன் தோழர்களுக்குள் பரிமாறி விமர்சனம் கேளுங்கள். ஏற்றும்போது எல்லார் பெயரையும் போடுங்கள். எழுதி, மெட்டமைத்து வெளியிட்டவர்கள் 1969 முதல் உள்ள பதிப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராக முயலுங்கள்.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் இவை:

பாட்டின் மேல் விளம்பரம் ஓடினால், முதல் தடவையிலிருந்தே பாடியவனுக்குப் பங்கு கொடுக்கச் சட்டம் வேண்டும்.

கம்பெனிகளின் கணக்கைச் சர்க்கார் தணிக்கை செய்ய வேண்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வீட்டிலே பதியும் உழைப்பாளிக் கலைஞர்களையும் சேர்க்க வேண்டும். பாடியவர் பெயரோடும் ஊரோடும் பாட்டுகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

கல்வராயன் மலையின் ஒவ்வொரு ஊருக்கும் சிக்னல் வேண்டும்!

தோழர்களே! நாத்து நம்முடையது, நடவு நம்முடையது, நடவுப் பாட்டும் நம்முடையது. அறுவடையை மட்டும் அடுத்தவன் அள்ளிப் போக விடுவோமா? கரும்புக்கு எடைமேடை கேட்டு வாங்கியவர்கள் நாம். பாட்டுக்கும் கேட்போம். சங்கமாகக் கேட்போம்!