ரெண்டு போட்டால் சரியாகிவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். உங்கள் டீச்சர் எந்தப் பாடத்தைச் சுருக்கமாக முடித்திருக்கிறேன்? பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் தங்கை மகள் ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். மகன் ஆறாம் வகுப்பு. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் யூனிஃபார்மை எடுத்தாலே வயிற்று வலி, வாந்தி. பத்து மணி தாண்டினால் சரியாகிவிடுகிறான். அழுதுகொண்டேதான் பேசினாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். "ரெண்டு போடு, சரியாயிடுவான்." "போனைப் பிடுங்கு." "எல்லாம் நடிப்பு." "ஹாஸ்டல்ல கொண்டு போய் விடு." ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் வேறு. கடைசியில் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டு, "பெரியம்மாகிட்ட கேளுங்க, வராத பசங்களை ஆள் விட்டுத் தூக்கிட்டு வர வெச்சவங்க" என்று எழுதியிருந்தார்.

உண்மை. செய்தேன். அதனால்தான் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

1993. சேரம்பாடியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பணியர் பாடியிலிருந்து வந்த ஒரு பையன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்து, பட்டயமும் வாங்கியவள் நான். என்ன செய்தேன்? பெரிய பையன்கள் நாலு பேரை அனுப்பினேன். கை ரெண்டு பேர், கால் ரெண்டு பேர் பிடித்து, கத்தக் கத்தத் தூக்கி வந்தார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள் பாடியில் அவன் வீடு பூட்டிக் கிடந்தது. வயநாட்டில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். வருகைப் பதிவேட்டில் "நீண்ட நாள் வராதவர்" என்று எழுதினேன். பிறகு பெயரையும் அடித்தேன். என் கையால்.

காரணத்தைச் சத்துணவு ஆயாதான் பல மாதம் கழித்துச் சொன்னார். பையன் ஒரு நாள் எழுந்து நின்று அவன் பாஷையில் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறான். "தமிழ்ல சொல்லு" என்றேன். மறுபடியும் கேட்டான். "தமிழ்ல சொன்னாத்தான் விடுவேன்" என்றேன். அவன் கேட்டது ஒன்றுக்குப் போக அனுமதி. நின்ற இடத்திலேயே போய்விட்டான். மற்ற பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். அன்று அந்த அறையில் இருந்த ஒரே பெரிய மனுஷி நான். எனக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

தூக்கி வந்த நாலு பேரில் இரண்டு பேராவது இதைப் படிப்பீர்கள். தம்பிகளா, தப்பு உங்களுடையது இல்லை. அனுப்பினது நான்.

பள்ளிக்கு வராத பிள்ளையிடம் ஒரு காரணம் இருக்கிறது. அது வழியில் இருக்கும், வீட்டில் இருக்கும், இல்லையென்றால் வகுப்பறையிலேயே இருக்கும். அதைத் தேடாமல் பிள்ளையை அடிப்பது, கூரை ஒழுகுகிறது என்று தரையை அடிப்பது மாதிரி.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் பெற்றோருக்கு டேன்டீயில் வேலை கிடைத்தது. பிள்ளை கண் விழிக்கும் முன்னே அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். பல நாள் வெறும் வயிற்றோடுதான் பள்ளிக்கு வந்தீர்கள். சிலர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள லைனிலேயே நின்றுவிட்டீர்கள். ஜூன் பிறந்தால் விடாத மழை. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் குடும்பத்தோடு குடகுக்குப் போகும் வீடுகள். இதற்கெல்லாம் மேலே யானை. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு வீடு திரும்பிய மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்த மாதிரி வழியில் நடந்து வர ஒரு பிள்ளை பயந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனமா?

"அந்த ஜனங்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை" என்று ஆசிரியர் அறையில் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. அந்தக் கட்டாயம் யாருக்கு? அரசுக்கு. பிள்ளையைச் சேர்ப்பது, வர வைப்பது, எட்டாம் வகுப்பு முடிக்க வைப்பது அரசின் கடமை. சேர்க்க வேண்டிய கடமை பெற்றோருக்கும் உண்டு. பிள்ளையைக் குற்றவாளி ஆக்கி அதில் ஒரு வரிகூட இல்லை. 17-ஆம் பிரிவு உடலால் தண்டிக்கவும் மனதால் துன்புறுத்தவும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நான் செய்தது இரண்டும்தான்.

"நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம் டீச்சர், நல்லாத்தானே இருக்கோம்" என்பீர்கள். சரி. அடி வாங்கி ஓடிப் போனவர்கள் எங்கே? அவர்கள் யாரும் இந்தப் பதிவைப் படிக்க மாட்டார்கள். நம் குரூப்பிலும் இல்லை. நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு அடியால்தான் எல்லோரும் தேறினார்கள் என்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்குக்கு நான் சுழிதான் போடுவேன்.

"அப்போ செல்லம் கொடுத்து வீட்டிலேயே வெச்சுக்கலாமா?" அதையும் நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதை இன்னும் கஷ்டமாக்கும். மட்டம் போடுகிற பிள்ளை வேறு. அது வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றுக்கோ கடைத்தெருவுக்கோ போகும். இந்தப் பிள்ளை வீட்டை விட்டே நகராமல் அழுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. பத்து மணிக்கு வலி போய்விடுவதால் அது பொய் ஆகிவிடாது. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். அன்றைக்கு இனிப் போக வேண்டாம் என்றானதும் பயம் இறங்கும், வலியும் இறங்கும்.

எது வேலை செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். தம்பிப் பாப்பாவால் நின்றுபோன ஒரு பெண்ணிடம், "பாப்பாவையும் தூக்கிட்டு வா" என்றேன். என் மேஜைக்குக் கீழே சாக்கு விரித்து அவன் தூங்குவான். அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்து முடித்தாள். பசியோடு வந்த பிள்ளைகளுக்கு இன்று காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காட்டு வழியில் வரும் பிள்ளைகளுக்கு வண்டியும் துணையாளும் கேட்கலாம், அரசுத் திட்டத்திலேயே வழி உண்டு. தடையை எடுத்தால் பிள்ளை தானாக வரும். கையையும் காலையும் பிடித்துத் தூக்க வேண்டியதில்லை.

என் தங்கை மகளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் காட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள். பிறகு காலை அவசரத்தில் கேட்காதே. சாயங்காலம் நடக்கும்போதோ, ராத்திரி விளக்கை அணைத்த பிறகோ கேள். "ஏன் போகல?" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்வான். "ஸ்கூல்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேள். பஸ்ஸா, கழிவறையா, கணக்கு பீரியடா, ஒரு பையனா, ஒரு ஆசிரியரா என்பது மெல்ல வரும். பள்ளிக்கு நீயே நேரில் போய்ப் பேசு. முதல் வாரம் அரை நாள் போதும். வாசலில் அவனுக்குப் பிடித்த ஒரு ஆசிரியர் நிற்கட்டும். "இத்தனை நாள் எங்கடா போனே?" என்று வகுப்பில் யாரும் கேட்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவை. அப்படியும் முடியவில்லை என்றால் 14416-க்கு அழை, மனநல ஆலோசனை இலவசம். அடி, மிரட்டல் என்று தெரிந்தால் 1098.

என் மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். நாளைக்குப் பதிவேட்டைத் திறக்கும்போது தொடர்ந்து வராத ஒரு பெயரை எடுங்கள். ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே அந்த வீட்டுக்கு நடந்து போங்கள். நான் அன்று போயிருந்தால் அரை மணி நேர நடைதான்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி இல்லை, இதை எழுதுவதைத் தவிர.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சேரம்பாடி