கை வேலை தெரிந்த பிள்ளை

வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது. பையன் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பல்சக்கரம் ஒரு பக்கம். திருகாணி ஒரு பக்கம்.

அப்பா வருகிறார். "படிக்கிற பையனுக்கு இது என்ன வேலை? எடுத்து வை!" என்று அதட்டுகிறார்.

அடுத்த வீட்டில் ஒரு பெண் குழந்தை. அட்டைப் பெட்டியை வெட்டி, பசை தடவி, பொம்மைக்குக் கட்டில் செய்கிறாள். "வீடெல்லாம் குப்பை!" என்று அம்மா கோபிக்கிறார்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆனால் இந்தக் குறும்புக்கு ஒரு படிப்பு இருக்கிறது. அந்தப் படிப்புக்கு ஒரு பிழைப்பும் இருக்கிறது. அதற்குத் "தொழில் வடிவமைப்பு" என்று பெயர்.

டாக்டர் படிப்பு நமக்குத் தெரியும். இஞ்சினீயர் படிப்பும் தெரியும். இந்தப் படிப்பைப் பற்றிப் பெற்றோர் பலருக்குத் தெரியாது. அதனால் இன்று இதைச் சொல்கிறோம்.

வடிவமைப்பு என்றால் என்ன?

நாற்காலி, பேனா, மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் ஓர் உருவம் உண்டு. அது தானாக வந்தது அல்ல. யாரோ ஒருவர் யோசித்துக் கொடுத்தது.

மிக்சியின் மூடி ஈரக் கையில் வழுக்கக் கூடாது. ஜாடியின் மூலையில் சட்டினி ஒட்டிக் கொள்ளக் கூடாது. உள்ளே ஓடும் மோட்டாரை இஞ்சினீயர் கவனிப்பார். வெளியே அதைப் பிடிக்கும் கையைக் கவனிப்பவர் வடிவமைப்பாளர்.

இன்னொரு உதாரணம். ஓட்டு மெஷினை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 2001ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் அது வந்துவிட்டது. சின்னம் தெரிகிறது. அதற்கு நேராக நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. "பீப்" என்று ஒலி கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் யாரையும் கேட்காமல் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்.

அந்தப் பெட்டியின் உருவத்தை அமைத்தவர்கள் யார்? மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவய்யா ஆகியோர்தான். அந்த மையம் 1969ல் தொடங்கியது. ரூபாய்க்கு இன்று நாம் போடும் அடையாளக் குறியை உருவாக்கிய டி.உதயகுமாரும் அங்கே படித்தவரே. அவர் தமிழர். 2010ல் ஆயிரக்கணக்கான பேர் கலந்து கொண்ட போட்டியில் அவருடைய குறி தேர்வாயிற்று.

செம்பு சொன்ன பாடம்

இந்திய அரசாங்கம் ஓர் அமெரிக்கத் தம்பதியை அழைத்தது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்பது அவர்கள் பெயர். நாற்காலி அமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள்.

அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு 1958ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். எந்தப் பொருளை அதில் மிகவும் பாராட்டினார்கள் தெரியுமா? நம் வீட்டில் தண்ணீர் மொள்ளும் செம்பை!

இடுப்பில் வைத்தாலும் தலையில் வைத்தாலும் அது நிற்கிறது. நிறைந்திருந்தாலும் காலியானாலும் கவிழாது. கைக்கு அடக்கம். ஊற்றச் சுலபம். கழுவவும் சுலபம். இதை ஒரு தனி மனிதன் ஒரே நாளில் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கை பட்டுச் சீரானது.

இனி யந்திரங்கள் வேகமாகப் பொருள் செய்யும். தலைமுறைக் கணக்கில் காத்திருக்க முடியாது. ஆகவே அந்த அறிவைப் படிப்பாகவே சொல்லித் தரவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1961ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

பட்டறையே வகுப்பறை

அங்கே மர வேலைக்குப் பட்டறை உண்டு. உலோகத்துக்கு உண்டு. மண்பாண்டத்துக்கும் உண்டு. மாணவர்கள் கையில் உளியும் அரமும் பிடிக்கிறார்கள்.

ஏன் இந்தப் பாடு? காகிதத்தில் வரைந்தால் போதாதா?

போதாது. ஒரு மாணவி புதுமாதிரிக் குடம் ஒன்றை வரைகிறாள் என்று வைத்துக் கொள்வோம். படம் அழகாக இருக்கிறது. அட்டையிலும் களிமண்ணிலும் செய்து பார்க்கிறாள். கழுத்து குட்டையாகத் தோன்றுகிறது. பிறகு தண்ணீர் பிடிக்கும் மாதிரி ஒன்று செய்கிறாள். குழாயடிக்கு எடுத்துப் போகிறாள். அங்கே ஒரு அம்மாள் தூக்கிப் பார்த்துவிட்டு, "விளிம்பு கையை அறுக்குதே, கண்ணு!" என்கிறார். மாணவி திரும்பி வந்து மறுபடியும் செய்கிறாள்.

படத்தில் தெரியாத குறை கையில் தெரிந்துவிடும். ஆலையில் லட்சம் குடம் வார்த்த பிறகு தெரிந்தால் லட்சமும் வீண். பட்டறையில் தெரிந்தால் ஒரு பிடி களிமண்தான் நஷ்டம். இதுதான் இந்தப் படிப்பின் ரகசியம்.

ஓசூர் கடிகாரம்

கடிகாரத்தைப் பிரித்த பையனிடம் மீண்டும் வருவோம்.

ஓசூரில் டைட்டான் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிறது. 2002ல் அந்தக் கம்பெனி "எட்ஜ்" என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதன் கனம் 3.5 மில்லி மீட்டர்தான்! அந்தக் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மைக்கேல் ஃபோலி. ஆமதாபாத் கழகத்தில் படித்தவர். பிறகு சொந்தமாக நிறுவனம் நடத்தினார். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்காக நாடு நாடாகச் சென்ற ஜோதிக்கோலை அமைத்தவரும் அவரே. நாட்டின் பல பகுதி மண்ணையும் அதில் பதித்திருந்தார்.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டப்படுகிறது. நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உழைக்கிறார்கள். ஆனால் அந்தப் போன் எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் கலிபோர்னியா. பூட்டும் கைக்கு ஒரு கூலி. உருவத்தைத் தீர்மானிப்பவருக்கு வேறு சம்பளம். அந்த இரண்டாவது நாற்காலியிலும் நம் பிள்ளைகள் உட்கார வேண்டாமா?

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. மறைக்காமல் பதில் சொல்கிறோம்.

இடங்கள் குறைவு. போட்டி கடுமை. படிப்பு முடியக் கட்டணம் லட்சக்கணக்கில் ஆகும். உதவித் தொகை, வங்கிக் கடன் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பட்டம் வாங்கிய மறுநாளே பெரிய சம்பளம் வந்துவிடாது.

இந்தத் தொழிலில் மார்க் பட்டியலை மட்டும் பார்த்து வேலை தருவதில்லை. "நீ செய்ததைக் காட்டு" என்பார்கள். ஆகவே மாணவர்கள் தாங்கள் செய்த ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தொகுத்து வைக்க வேண்டும். அழகான முடிவை மட்டும் காட்டினால் போதாது. முதலில் எங்கே தவறியது, எப்படித் திருத்தினோம் என்பதையும் காட்ட வேண்டும். விடுமுறையில் தச்சுப் பட்டறை, லேத் பட்டறை, அச்சகம் என்று எங்காவது சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு வாகனம், சமையல் சாமான், மருத்துவக் கருவி, பொம்மை என்று பல தொழில்களில் வழி உண்டு. கொஞ்சம் அனுபவம் வந்ததும் சொந்தமாகவும் தொடங்கலாம்.

தடையை நீக்குங்கள்

"யூசீட்" என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது. பிளஸ்-2வில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். படம் வரையும் கேள்வியும் அதில் உண்டு. ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில்!

டாக்டர் படிப்புக்கான "நீட்" தேர்வைத் தமிழில் எழுதலாம். இஞ்சினீயர் படிப்புக்கான "ஜே.இ.இ. மெயின்" தேர்வையும் தமிழில் எழுதலாம். கை வேலைப் படிப்புக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு?

தச்சர் வீட்டுப் பிள்ளை நடக்கும்போதே இழைப்புளியைப் பார்த்து வளர்கிறான். குயவர் வீட்டுப் பெண்ணுக்கு மண்ணின் பதம் விரல் நுனியில் தெரியும். இந்தப் படிப்புக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? இவர்களுக்குத்தான் இப்படி ஒரு படிப்பு இருக்கும் செய்தியே எட்டுவதில்லை. ஆகவே தேர்வைத் தமிழிலும் நடத்த வேண்டும். அரசாங்கப் பள்ளிகளில் கைத்தொழில் வகுப்புக்கு நேரமும் கருவியும் வாத்தியாரும் தரவேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கை அழுக்கானால் கௌரவம் குறையாது. பையன் கடிகாரத்தைப் பிரித்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

"பிரித்துவிட்டாய், சரி. திரும்பப் பூட்டிக் காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.