பெட்ரோல் பகிஷ்காரம் பலிக்குமா?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு யோசனை கிளம்புகிறது. "ஒரு நாள் யாரும் பெட்ரோல் வாங்காமல் இருப்போம், கம்பெனிகள் தானாக வழிக்கு வரும்" என்கிறார்கள். நம்மில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. ஆனால் டீசல் விலை ஏறினால் பஸ் கட்டணம் ஏறும்; லாரி வாடகை ஏறும்; அரிசி, பருப்பு விலையும் ஏறும். ஆகவே இது மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் யோசிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 30ந் தேதி இப்படி ஒரு நாள் பகிஷ்காரத்துக்கு அறைகூவல் விடப்பட்டது. பலன் பூஜ்யம். அன்று வாங்காதவர் முதல் நாளோ மறுநாளோ வாங்கித்தானே ஆக வேண்டும்? எண்ணெய் நாடுகள் அந்த மார்ச் மாதத்தில் உற்பத்தியைக் குறைத்ததால் ஏறிய விலை, ஒரு நாள் விரதத்துக்கு இறங்கிவிடுமா?

வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ மக்கள் இதைவிட உறுதியாக நின்றார்கள். 2018 ஏப்ரல் 20 முதல் மூன்று சரக்குகளை அவர்கள் பகிஷ்கரித்தார்கள்: அஃப்ரிகியா பெட்ரோல், சிதி அலி தண்ணீர், டனோன் கம்பெனியின் பால். அஃப்ரிகியாவின் சொந்தக்காரர் அஸீஸ் அகன்னூஷ் அப்போது விவசாய மந்திரி. பகிஷ்காரம் மாதக்கணக்கில் நீடித்தது.

நடந்தது என்ன? பால் கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் விலையைக் குறைத்தது. பால் சீக்கிரம் கெட்டுப்போகும். பெட்ரோலோ டாங்கியில் காத்திருக்கும். இந்தப் பங்கில் வாங்காதவர் அடுத்த பங்கில் வாங்குகிறார். அங்கும் ஏறக்குறைய அதே விலைதான். பெட்ரோல், டீசலுக்கு விலைக் கட்டுப்பாடு திரும்பி வரவில்லை. அகன்னூஷ் 2021ல் பிரதம மந்திரியே ஆனார்!

கிடைத்த வெற்றிக்கும் விலை கொடுத்தது யார்? டனோன் கம்பெனி விவசாயிகளிடம் வாங்கும் பாலில் 30 சதவிகிதத்தை வெட்டியது. நூற்றுக்கணக்கான தற்காலிகத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. முதலாளி தன் நஷ்டத்தை உழைப்பாளியின் தலையில் இறக்கிவைத்தான். தொழிலாளரையும் கறவை மாடு வைத்திருக்கும் ஏழையையும் பாதுகாக்கும் கோரிக்கை இல்லாத பகிஷ்காரம் இப்படித்தான் முடியும்.

வியாதியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. மொராக்கோவின் சமீர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அரசாங்கம் 1997ல் தனியாருக்கு விற்றது. கடனில் மூழ்கி 2015 ஆகஸ்டில் அந்த ஆலை நின்றது. அதே டிசம்பரில் சர்க்கார் விலைக் கட்டுப்பாட்டையும் கைவிட்டது. இறக்குமதிக் கம்பெனிகள் வைத்ததே விலை என்றாயிற்று. ஆலையை மீண்டும் திறக்க வேண்டும் என்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் போராடின. அந்தக் கோரிக்கைதான் வேரில் கை வைத்தது.

நம் நாட்டிலும் இதே பாதைதான். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2020ல் கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனபோது, மே மாதத்தில் மத்திய சர்க்கார் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றியது. எந்தப் பங்கைப் பகிஷ்கரித்தால் இந்த வரி குறையும்?

பகிஷ்காரம் வீண் என்று நாம் சொல்லவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை வெள்ளையர் கப்பலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார். 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் அமைத்தார். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார். கூலி உயர்வு கிடைத்தது. மாற்று வழியும் தொழிலாளர் ஒற்றுமையும் சேர்ந்தபோது பகிஷ்காரத்துக்கு வலு வந்தது.

ஆகவே, தோழர்களே! வாங்காமல் இருப்பதோடு நின்றுவிடாதீர்கள். வரியைக் குறை, விலையைக் கட்டுப்படுத்து, பொதுத்துறை எண்ணெய் ஆலைகளை விற்காதே என்ற கோரிக்கைகளை மில் வாசலிலும் கிராமத்துச் சாவடியிலும் எழுப்புங்கள். சங்கமும் விவசாயத் தொழிலாளரும் லாரி, பஸ் தொழிலாளரும் ஒன்றுபட்டு நின்றால் சர்க்கார் பதில் சொல்லியே தீர வேண்டும்!